கோயில்காட்டு வெள்ளெலிகள்

1946 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு அந்தச் சோதனை தொடங்கியது. வித்துவான் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்த என்னை, சுகாதார இன்ஸ்பெக்டரான சித்தப்பா உடன் அழைத்துப் போயிருந்தார். அவருடைய குமாஸ்தா காய்ச்சலில் படுத்துவிட்டார். தெளிவான கையெழுத்தைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

திருச்சுழிக்குப் பக்கத்துக் கோயில்காட்டில், மண்ணில் வளை தோண்டி வாழும் வெள்ளெலிகள் செத்துக் கிடப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். பிளேக் வந்தால் முதலில் விழுவது எலிதான். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் அதிலிருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடலைத் தேடிப் போகும். அது மனித உடலாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை சிவராத்திரி. ஊரே பிள்ளைகுட்டிகளோடு அந்தத் தரையில்தான் வந்து உட்காரும். வளைகள் எத்தனை, செத்தவை எத்தனை, உயிருள்ள எலியின் மேல் பூச்சிகள் எத்தனை என்று நாங்கள் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான், கூட்டத்தைத் தடுப்பதா என்று அருப்புக்கோட்டை மேலதிகாரி முடிவு செய்வார்.

அந்தக் காட்டில் ஒரு குச்சியை ஒடிக்கக் கூடாது; எந்த உயிரையும் கொல்லக் கூடாது; மண்ணில் இரும்பு படக் கூடாது. கம்பிப் பொறிகளையும் செருப்புகளையும் எல்லைக்கல்லுக்கு வெளியே விட்டுவிட்டு, மண்பானைகளோடு உள்ளே போனோம். தெள்ளுப்பூச்சியைத் தேடி வெறுங்காலோடு நடப்பது என்ன அறிவுடைமை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

தரை துப்புரவாக இருந்தது. ஒரு வளையைக் கூடக் காணோம்.

"ஆபீசர் அய்யா வாராகன்னு நேத்தே பெருக்கி, பொந்தயெல்லாம் அடச்சுச் சாணி மொழுகிட்டோம்யா" என்றார் பூசாரி, பெருமையோடு.

"செத்த எலிக எங்க?" என்றார் சித்தப்பா.

"சாமி பிள்ளைகள நாய் இழுக்க விடலாமாய்யா? இந்தத் துண்டுல அள்ளிக் கொண்டுபோயி, மஞ்சத்தண்ணி தெளிச்சு அடக்கம் பண்ணிட்டேன்."

துண்டு இன்னும் அவர் தோளில்தான் கிடந்தது.

"எத்தனை?" என்றேன். அன்று நான் வாய் திறந்தது அதுவே முதல் முறை.

"அத யாரு தாயி எண்ணுனா? ரெண்டு மூணு நடை இருக்கும்."

துண்டை வெந்நீரில் போடச் சொன்னார் சித்தப்பா. பூசாரி சிரித்துக்கொண்டே அதை உதறித் தோள்மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அடைத்தவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு வளையைத் தேடிப்பிடித்து, கம்பு தூவிய பானையை வைத்துவிட்டுப் பகல் முழுவதும் காத்திருந்தோம். பொழுது சாயும்போது ஒரே ஒரு எலி அகப்பட்டது. சித்தப்பா அதற்கு மயக்கமருந்து காட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்துச் சீப்பால் வாரினார்.

"எலிக்குச் சீவிச் சிங்காரிக்கிறாகடி! எம் மகளுக்கு ஒரு பேன் பாக்க ஆளில்ல" என்றாள் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். தட்டில் பதினேழு பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"செத்தவைங்கிற இடத்துல 'இல்லை'ன்னு எழுதும்மா" என்றார் சித்தப்பா.

"இருந்தன, சித்தப்பா."

"நாம கண்டோமா? நேரில் கண்டவைன்னுதான படிவத்துல கேட்டிருக்கு? அடக்கம் பண்ணுனத எழுதக் கட்டமே இல்ல. சிவராத்திரிய நிறுத்துனவன்னு ஊர்ப்பகை எனக்கெதுக்கு?"

எழுதினேன். எழுத்து அழகாகத்தான் விழுந்தது. என் கையெழுத்தின் மேல் அதற்குமுன் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

மறுநாள் காலை, அந்த 'இல்லை'யைக் கோடிட்டு அடித்து, 'இரண்டு மூன்று நடை துண்டில் அள்ளிப் புதைத்ததாகப் பூசாரி சொல்கிறார்' என்று ஓரத்தில் எழுதிச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் படித்து முடித்து நிமிர்வதற்குள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.