அப்பா விற்க விடாத பங்குகள்

பங்குச் சந்தையில் இருக்கும் ஓர் ஐரோப்பியக் கால்பந்து கிளப்பின் பங்குகளை அப்பா வாங்கியது லாபத்துக்காக இல்லை. "கோச்சைத் தூக்கணும்னா இனிமே என்கிட்டயும் கேக்கணும்ல?" என்றார். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுகிறவர். கைப்பேசிச் செயலியெல்லாம் அவருக்குப் பிடிபடாது. அதனால் காசு அவருடையது, கணக்கு என் பெயரில். நான் அப்போது ஆயர் குரோ பல்கலைக்கழகத்தில் நிதித்துறை படித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பேனா?

கிளப்பின் ஆண்டறிக்கையை இறக்கி அலசிவிட்டேன். வருமானத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரர் சம்பளத்துக்கே போகிறது. லாபம் என்று காட்டுவது ஒருவரை விற்று வந்த காசு. அதே ஆளை அடுத்த வருஷமும் விற்க முடியுமா? கடனுக்கு வட்டி வேறு.

"அப்பா, கோப்பை ஜெயிச்ச வருஷமும் நஷ்டம்தான். ஜெயிச்சதுக்கு போனஸ் கொடுத்தே கரைஞ்சிருச்சு."

"கோப்பை இருக்குல்ல?"

"கோப்பை டிவிடெண்ட் குடுக்காதுப்பா. வித்துரலாம்."

"உனக்கு கோல் போட்டாகூட செலவுதான் லா! நான் இருக்கிறவரைக்கும் விக்காத."

சரஸ்வதி பூஜை வந்தது. என் பாடப்புத்தகங்களுக்கு மேலே, என்னையே அச்செடுக்கச் சொல்லி, அந்த ஆண்டறிக்கையை வைத்தார். சந்தனமும் குங்குமமும் சரியாக நஷ்டக் கணக்குப் பக்கத்தில். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. "இன்னிக்கு ஒரு நாளாவது என் கிளப்பை விட்டு வை தாயே" என்று கும்பிட்டார், சாமியை இல்லை, என்னை. விடிந்ததும் எடுத்து நாலு வரி வாசிக்க வேண்டும் இல்லையா, நான் சம்பளச் செலவை உரக்க வாசித்தேன். அவர் பிடுங்கி, அடுத்த சீசனைப் பற்றித் தலைவர் எழுதியிருந்ததைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் வாசித்தார். அம்மா இருவரையும் திட்டிக்கொண்டே சுண்டல் கொடுத்தாள். பிறகு வருஷா வருஷம் அதுதான் எங்கள் பூஜை.

இந்த வருஷம் பூஜை இல்லை. துக்க வீடு. வேலைக்குக் கிளம்பி, காலணி நாடாவைக் கட்டக் குனிந்த அப்பா நிமிரவில்லை.

புதிய ஆண்டறிக்கை மட்டும் வழக்கம்போல வந்தது. பூஜை நாளன்றே திறந்தேன். தொடாதே என்று சொல்ல ஆளில்லாததால் கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். சம்பளம் ஏறியிருந்தது, வட்டியும் ஏறியிருந்தது, விற்பதற்கு நல்ல ஆட்டக்காரர் யாரும் மிச்சமில்லை.

அம்மா அடுப்படிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஒழுகுதும்மா. அந்தப் பங்கை வித்தா செஞ்சிரலாமா? நீ படிச்சவ, நீ சொல்லு."

படித்தவள் சொல்வதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இத்தனை வருஷமும் அதைத்தானே சொன்னேன். விற்றேன். திரையில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். அப்பாவின் கிளப் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

கூரை வேலை முடிவதற்குள் யாரோ பணக்காரர் கிளப்பை வாங்கப்போவதாக வதந்தி. பங்கு விலை எகிறியது. என் கணக்கில் தவறில்லை. வதந்தி சம்பளச் செலவைக் குறைக்காது. இதை எத்தனை விதமாகவும் என்னால் விளக்க முடியும்.

அவருடைய நாற்காலிப் பக்கம் திரும்பி, கைப்பேசியைப் பிடித்தபடி காத்திருந்தேன். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் என்னைக் கேலி செய்தால் போதும்.