பூட்டிய கிளாஸும் சீசன் அறையும்

"மதினி, அண்ணன் எல்லா கிளாஸையும் இப்படிப் பூட்டி வச்சா நான் எங்கன போய் முட்டிக்கிட?" என்று கொழுந்தன் சேகர் கேட்டபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சாஃப்ட்வேர் தொழில் என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைப்பவர்கள் விருதுநகரில் எங்கள் முன்னறையை வந்து பார்க்கலாம். வீட்டையே கம்பெனியாக்கியவரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் புரோகிராம் எழுதுவார்கள். கான்வென்ட் இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு, அதைச் சோதிப்பதும் போனில் திட்டு வாங்குவதும் நான்.

பூட்டு

கிளாஸ் என்பது புரோகிராமுக்குள் ஒரு அச்சு மாதிரி. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிறப்பித்து, பிள்ளையில் வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 'சீல்டு' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் வாரிசே கிடையாது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார். கேட்டால், "கண்டவன் கை வச்சா கெட்டுப்போகும்."

வத்தல் மண்டி

மண்டிக்காரர் ஒருவருக்கு மிளகாய் வத்தல் பில்லில், ஈரத்துக்காக எடையில் கழிக்கும் கணக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. கிளாஸ் பூட்டியிருந்ததால் சேகர் மொத்தத்தையும் நகலெடுத்து இன்னொன்று செய்தான். பிறகு மூலத்தில் ஒரு தப்பைத் திருத்தினார்கள், நகலை மறந்தார்கள். மண்டிக்காரர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "திருத்தியாச்சுன்னீகளே தாயி, அது யாரு கடைக்கு?"

சீசன் அறை

அந்த ரோஷத்தில் வீட்டுக்காரர் எல்லாப் பூட்டையும் எடுத்தார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. ஒரு அறைக்கு இவ்வளவு வெடிமருந்துதான் என்று வரம்பு உண்டு. மீறினால் கிடங்கிலிருந்து மருந்து வாங்கும் சீட்டை எங்கள் புரோகிராம் அடிக்காது. தீபாவளி ஆர்டர் நெருக்கியதும் மேனேஜர் சேகரைப் பிடித்தார். அவன் 'அறை' கிளாஸிலிருந்து 'சீசன் அறை' என்று ஒரு பிள்ளையைப் பிறப்பித்து, எவ்வளவு கேட்டாலும் 'சரி' சொல்ல வைத்தான். எனக்குக் காட்டாமலே அனுப்பியும் விட்டான். விஷயம் தெரியாத எனக்கு மேனேஜரிடமிருந்து போன்: "இப்பத்தான் மேடம் உங்க புரோகிராமுக்குப் புத்தி வந்திருக்கு."

சரி

சீசன் முடிவதற்குள், அப்படி 'சரி' வாங்கிய ஒரு அறையில் தீ. மருந்து அளவோடு இருந்திருந்தால் வெளியே ஓடியிருக்கலாம் என்றார்கள். உள்ளே வேலை பார்த்த மாரியம்மாவுக்கு இரண்டு கையும் போயிற்று. மேனேஜரைக் கேட்டேன். "நாங்க என்ன செய்ய மேடம், கம்ப்யூட்டரே சரின்னுச்சே."

அடுத்த சீசன்

'சீசன் அறை' எங்களுக்கும் வேண்டும் என்று இன்னும் இரண்டு கம்பெனிகள் கேட்டிருக்கின்றன. அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வத்தலுக்குப் பூட்டுப் போட்டு, வெடிமருந்தைத் திறந்து விட்டதுதான் எங்கள் வீட்டுத் தொழில் ஞானம்.

"மத்ததெல்லாம் திறந்தே கிடக்கட்டும், அந்த 'அறை' கிளாஸை மட்டும் பூட்டிருங்களேன்" என்றேன்.

சேகர் குனிந்து சோற்றைப் பிசைந்தான். வீட்டுக்காரர் மோருக்குத் தட்டை நீட்டினார்.