பதினாறு அறை லாட்ஜுக்கு முப்பத்திரண்டு அறைகள்

மேனேஜரம்மா தன் பதிவேட்டை என் மேசைமேல் வைத்துப் பிரித்துக் காட்டிய அந்தக் காலை நேரம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மாதத்தின் மற்ற பக்கங்களெல்லாம் கோலம் போட்ட வாசல் மாதிரி துப்புரவாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் எறும்பு மொய்த்தது போலிருந்தது. பௌர்ணமிப் பக்கம். ஒவ்வோர் அறை எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உள்ளவர்கள் குளித்து, படுத்து எழுந்து, மலை சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய பைகள் ஆபீஸ் அறைக்குப் போகும். கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அறைக்குள் போவார்கள். பதினான்கு கிலோமீட்டர் நடந்து முடித்து மேலே உள்ளவர்கள் திரும்பும்போது, கீழே உள்ளவர்கள் நடக்கப் போயிருப்பார்கள். இது சரிதானா என்று நான் இழுத்தேன். “நடக்கறவங்களுக்கு எதுக்கு சார் ரூம்?” என்றார்.  

பேருந்து நிலையத்துக்கு அருகே பதினாறு அறைகள் கொண்ட லாட்ஜ் அது. மேனேஜரம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளோடு குடியிருந்தார். ஆகவே வேலை போனால் வீடும் போகும். முதலாளிக்கு ஆரணியில் பட்டு வியாபாரம். லாட்ஜை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி என்று, சென்னைப் பயண நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் லாட்ஜைச் சேர்க்கச் சொன்னார். கூடவே மேனேஜரம்மாவிடம் ஒரு நிபந்தனையும் போட்டார். பதிவுச் சீட்டோடு வந்த ஒரே ஒரு ஆள் ரூம் இல்லையென்று திரும்பிப் போனால், சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

லாட்ஜையும் இணையதளத்தையும் இணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காரணம் என் திறமை அல்ல; ஊரில் வேறு ஆள் இல்லை. சென்னையில் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே கம்ப்யூட்டர் கம்பெனி என்று போர்டு மாட்டியிருந்தேன். கம்பெனி என்பது நானும் ஒரு மேசையும். எனக்குத் தெரிந்த ஒரே கணினி மொழி பெர்ல். அப்போதே அதற்கு வயதாகிக்கொண்டிருந்தது; எனக்கும்தான். இன்றைய பிள்ளைகளிடம் பெர்ல் என்று சொன்னால், கிராமபோன் வைத்திருந்தவரைப் பார்ப்பதுபோல அன்பாகப் பார்க்கிறார்கள்.

பயண நிறுவனம் எனக்கு அனுப்பியது ஒரு கோப்பின் இணைய முகவரி மட்டுமே. வெளிக் கணினிகள் வந்து கேட்டு வாங்க அவர்கள் வைத்திருந்த வெப் சர்வீஸ் என்பதை ஒரு பெரிய அலுவலகம் என்று வைத்துக்கொண்டால், எந்த ஜன்னலில் என்ன கேட்கலாம், அதற்கு எந்தப் படிவம், படிவத்தில் எதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், எதை விரும்பினால் நிரப்பலாம் என்றெல்லாம் விவரிக்கிற கோப்பு அது. மனிதர்கள் படிப்பதற்காக எழுதியதல்ல. படித்துப் பார்த்ததால் சொல்கிறேன். பெர்லில் இதற்கென்றே ஒரு மாட்யூல், அதாவது முன்பே எழுதிவைத்த ஒரு நிரல், உண்டு. எங்கோ வெளிநாட்டில் ஒரு புண்ணியவான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார். கோப்பின் முகவரியைக் கொடுத்தால் போதும்; மாட்யூல் தானே போய்ப் படித்து, எல்லா ஜன்னல்களுக்கும் உரிய கட்டளைகளைத் தானே தயார் செய்துவிடும். ‘அறையைச் சேர்’ என்று நான் அழைக்க வேண்டியதுதான்.

ஆனால் கறாரான மாட்யூல். கோப்பில் சொன்னபடி இல்லாத எதையும் வாசல் தாண்ட விடாது. தேதியில் நாளை முதலில் போட்டேன். ஆண்டுதான் முதலில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பியது. தொலைபேசி எண்ணில் ஓர் இடைவெளி விட்டேன். அதற்கும் ஒரு பக்கத்துக்குத் திட்டு. நான்கு நாள் இப்படித் திட்டு வாங்கியபின், பள்ளிக்கூடத்தில் இதில் பாதி கண்டிப்பு இருந்திருந்தால் நான் வேறு மாதிரி ஆகியிருப்பேன் என்று தோன்றியது.

மேனேஜரம்மாவின் கோடுதான் பெரிய சிக்கல். ஓர் அறை, ஒரு நாள், ஒரு விருந்தினர் என்றுதான் கோப்பு சொன்னது. கோடு போட அதில் இடமே இல்லை. பௌர்ணமியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். “பௌர்ணமிய விட்டுட்டு இந்த ஊர்ல லாட்ஜ் எதுக்கு சார்? கட்டில் காயப்போடவா?” என்றார். அன்று மாலை எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையின் பெரிய துன்பங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. அறை எண் என்ற இடத்தில் எழுத்தும் வரலாம் என்று கோப்பு சொன்னது. ஆகவே 101ஐ 101-ஏ, 101-பி என்று இரண்டாக்கினேன். கோட்டுக்கு மேலே ஏ, கீழே பி. மாட்யூல் முணுமுணுக்கவில்லை. ஓர் அறைக்கு நான்கு சுவர் இருக்கவேண்டும் என்று அந்தக் கோப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லையே. முப்பத்திரண்டு முறை அழைத்தேன்; முப்பத்திரண்டு முறையும் ‘சரி’ என்று பதில் வந்தது. பதினாறு அறைகளை ஒரு கொத்தனார்கூட இல்லாமல் கட்டி முடித்த பெருமையில் மசால்தோசை சாப்பிடப் போனேன்.

அடுத்த பௌர்ணமி அருமையாகப் போயிற்று. கோட்டுக்கு மேலும் கீழும் நிறைந்தன. மேனேஜரம்மா முதல்முறையாக என்னை ‘சார்’ என்று கூப்பிட்டதில் கிண்டல் கம்மியாக இருந்தது.

தை பிறந்தது. பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய காலை. லாட்ஜில் கம்ப்யூட்டர் கிடையாது. இணையத்தில் வந்த பதிவுகளை நான்தான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்று இரண்டு தாள்கள். இரண்டும் ஒரே நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள். மறுநாள் அதிகாலையில் வந்து, மாலையில் மண்டபத்தில் தட்டு மாற்றி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பதினாறு அறை, பெண் வீட்டார் பதினாறு அறை. மேனேஜரம்மா தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பௌர்ணமி எப்ப சார்?”

“போன வாரம்.”

“அப்ப இந்த பி எல்லாம் யாரு?”

 தேரடித் தெருவுக்கு ஓடிப்போய்க் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் அறைக்கும் ‘எந்த நாள் முதல்’, ‘எந்த நாள் வரை’ என்று இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டுக்கும் நேரே, விரும்பினால் நிரப்பலாம் என்று குறிப்பு. விரும்பினால் என்று போட்ட இடத்தை நிரப்புகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நிரப்பாவிட்டால் அந்த அறை எல்லா நாளும் உண்டு என்று பொருள். பௌர்ணமிக்கு மட்டும் பிறக்கவேண்டிய பதினாறு அறைகள் எல்லா நாளும் உயிரோடு இருந்திருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் ஏ அத்தனையையும் எடுத்துக்கொண்டபின் பெண் வீட்டார் பி அத்தனையையும் எடுத்திருக்கிறார்கள். இன்னும் தட்டு மாற்றாத இரண்டு குடும்பங்களை, அறைக்கு அறை, கட்டிலுக்குக் கட்டில், நான் ஒன்றாகக் குடிவைத்திருந்தேன்.

திரும்பி வந்து சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊரிலிருந்த லாட்ஜுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்தார். முகூர்த்த நாள், எங்கும் ஓர் அறை இல்லை. கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கொஞ்சநேரம் பார்த்தபடி இருந்தார். பின்னாலிருந்த அறையில் மகள் பாடத்தை உரக்கப் படிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பெண் வீட்டு எண்ணைச் சுழற்றினார். எடுத்தவர் பெண்ணின் பெரியம்மா. மேனேஜரம்மா எதையும் மறைக்கவில்லை. அறை பதினாறுதான், பிசகு எங்களுடையது, பௌர்ணமி மாதிரி பாதிப்பேர் மலை சுற்றப் போனால் பாதிப்பேர் குளித்து உடுத்திக்கொள்ளலாம் என்றார். பெரியம்மா யோசித்துவிட்டு, காலையில் முதலில் நடப்பது நாங்கள்தான், பெண்ணுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். மேனேஜரம்மாவின் முகம் தெளிந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் கத்தியது மேசைக்கு இந்தப்பக்கம் இருந்த எனக்கே கேட்டது. ஆரணி முதலாளியை எனக்குத் தெரியும், இப்போதே அவரிடம் பேசுகிறேன் என்றார். எல்லாம் அடங்கியபின், பெண் வீட்டார் முதலில் நடக்கிறார்கள் என்ற செய்தி அவர் காதில் விழுந்தது.  பிறகு, “அவங்க சாமிக்கு நடப்பாங்க, நாங்க கட்டில்ல படுத்திருப்பமா? நாங்களும் காலையிலதான் நடப்போம்” என்று வைத்துவிட்டார்.

நல்லதாகப் போயிற்று என்றேன் நான்.

“எது நல்லது? ஒண்ணா போனா ஒண்ணா திரும்பி வருவாங்க. அப்ப எங்க படுக்க வெப்பீங்க, உங்க பி-யிலயா?”

மறுநாள் காலை ஐந்தரைக்கே பேருந்துகள் வந்து நின்றன. பெட்டிகளை அறைகளில் போட்டதும் நூற்றிருபது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். மேனேஜரம்மாவின் திட்டம் எளிமையானது. அவர் பெண் வீட்டாரை வேகமாக அழைத்துப்போவார். நான் மாப்பிள்ளை வீட்டாரை மெதுவாக அழைத்து வரவேண்டும். இரண்டு மணி நேரம் இடைவெளி விழுந்தால் போதும். “மெதுவா நடக்க உங்களவிட்டா ஆள் இல்ல சார்” என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அதுவரை ஒருமுறைகூட முழுச்சுற்று முடிக்காதவன் நான் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

இதில் தாய்மாமன் எனக்குப் பேருதவியாக இருந்தார். போனில் புயலாக இருந்தவர் ரோட்டில் தேராக நகர்ந்தார். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் நின்று கும்பிட்டார். ஒவ்வொரு டீக்கடையின் முன்னும் அதைவிட நேரம் நின்றார். ஆனால் திட்டம் செங்கம் சாலையைத் தாண்டுவதற்குள்ளேயே கலைந்துவிட்டது. மாப்பிள்ளையின் தம்பிமார்கள், பெண்ணின் தங்கைகள் முன்னே போகிறார்கள் என்று தெரிந்ததும் காற்றாய்ப் பறந்தார்கள். பெண் வீட்டு அத்தைகள் இரண்டு பேர் முழங்கால் வலியோடு பின்தங்கி எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அடி அண்ணாமலையில் உட்கார்ந்தபோது, யார் எந்த வீடு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தாய்மாமன் பெண் வீட்டு அத்தைக்கு இட்லியை ஆறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பாதத்தில் அறைக்கு ஒன்று வீதம் கொப்புளங்கள்.

நாங்கள் லாட்ஜுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை. ரிசப்ஷனில் முதலாளி உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே தாய்மாமனின் புகார் போயிருக்கிறது; விடிந்ததும் ஆரணியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்திருக்கிறார். எதிரே மேனேஜரம்மா, தலை கலைந்து, கால் நிறையப் புழுதியோடு நின்றார். மேசைமேல் சாவிக்கொத்து. யாரும் கேட்பதற்கு முன்பே அவரே வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. தாய்மாமனைக் கண்டதும் முதலாளி எழுந்து, பெரிய தப்பு நடந்துவிட்டது, உங்கள் அறை விஷயமாக என்று உரத்த குரலில் ஆரம்பித்தார்.

வாசலிலேயே மாப்பிள்ளையின் தம்பிமாரிடம் விவரம் கேட்டிருந்த தாய்மாமன் கையை உயர்த்தினார். “மெதுவாப் பேசுங்க. எங்க ரூம்ல பொண்ணோட பெரியம்மா தூங்கறாங்க.”

சொல்லிவிட்டு ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தலையணை கிடைக்குமா என்று மேனேஜரம்மாவிடம் கேட்டார்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் வந்தவர்கள் குளித்து முடித்திருந்தார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அவர்களே வாளியை நிரப்பி வைத்திருந்தார்கள். ஏ எது, பி எது என்று கேட்பாரில்லை. ஒரே கண்ணாடி முன்னால் இரண்டு வீட்டுப் பெண்களும் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். சீட்டோடு வந்த ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இவ்வளவு தெளிவான வெற்றியை என் நிரல் எதுவும் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை. அதில் என் நிரலின் பங்கு கொப்புளம் மட்டுமே.

நான் இறங்கி வந்தபோது முதலாளி வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தார். அதிகாலையில் எழுந்த களைப்பு. கடைசியில், மேனேஜரம்மா முகத்தைப் பார்க்காமல், ஒரு மணி நேரம் படுக்க ஏதாவது ரூம் காலியாக இருக்குமா என்று கேட்டார்.

மேனேஜரம்மா மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து நிதானமாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ரூம் இல்லைங்க.”

முதலாளியின் பார்வை அந்தச் சாவிக்கொத்துக்குப் போனது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டே பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தார். அதற்கப்புறம் குத்தகை என்ற பேச்சை அவர் எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.