பௌர்ணமி அன்றைக்குப் பெயிண்ட்

காலண்டரில் நாளைய தேதியில் பௌர்ணமி என்று போட்டிருந்ததால், எங்கள் லாட்ஜ் மேனேஜர் இன்று எல்லா அறைகளுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார்.

திதி இன்று சாயந்திரமே தொடங்கிவிடுகிறது. கிரிவலக் கூட்டம் இன்று ராத்திரிதான் மலையைச் சுற்றும். ரிசப்ஷனில் இருக்கும் எனக்கும் இது தெரியும், அறைகளைச் சுத்தம் செய்யும் செல்வி அக்காவுக்கும் தெரியும்.

இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. போன மாதம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப்போன அக்காவை, தங்க வந்தவர்கள் முன்னாலேயே, "நீ என்ன இன்ஜினியரா? பெருக்குற வேலைய மட்டும் பாரு" என்று கத்தியவர் மேனேஜர்.

மதியம் வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஈரச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மேனேஜர் என் மேல் பாய்ந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா திட்டுவீங்க சார். அதான் யாரும் சொல்லல."

"வேலை வேணுமா, வேணாமா?"

வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள்.

"வேணும் சார். திட்டுதான் வேணாம். மரியாதையா பேசுங்க, தெரிஞ்சத நாங்களும் சொல்றோம்."

அவர் மாடிக்குப் போய்விட்டார். செல்வி அக்கா என் பக்கம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே கேட்டிருக்கலாம்மா" என்றார்.

நாளைக்கு வேலை இருக்குமா தெரியவில்லை. ஆனால் நான் லாட்ஜுக்குப் போகத்தான் போகிறேன்.

உங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்து, மேலே இருப்பவருக்கு மட்டும் யாரும் சொல்லாத சங்கதி எது? இங்கே தாராளமாகச் சொல்லுங்கள், திட்ட ஆளில்லை.