முள் இல்லாத தூண்டில்

நைலோன் கயிற்றின் நுனியில் தீயைப் பிடித்தால் முதலில் சீனி கருகுவதுபோல ஒரு மணம் வரும். அடுத்த நொடியே அது தொண்டையை அறுக்கும் புகையாகிவிடும். உருகி நிற்கும் நுனியை, ஆறுவதற்குள், எச்சில் தொட்ட விரல்களால் உருட்டி உருண்டையாக்க வேண்டும். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை முழுவதும் என் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் அப்படி வெந்து, தோல் தடித்து, எதைத் தொட்டாலும் உணர்வில்லாமல் இருந்தன. அப்போது எனக்குப் பதினொரு வயது.

நாங்கள் இருந்தது சுவிஸில், இன்டர்லாக்கனுக்குச் சற்று முன்னால், துன் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில். பழைய விடுதியொன்றை அகதிகளுக்காகத் திறந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதைக் "காம்ப்" என்றார்கள். மேல்மாடியில் தனியாக வந்த இளைஞர்கள். கீழே ஒரே ஒரு குடும்பம், அப்பா, அம்மா, நான், என் தங்கை வசந்தி. அப்பா இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். ஒரு வருடம் பள்ளிக்கூடம் போனதில் எனக்கு அந்த ஊர் ஜெர்மன் வந்துவிட்டது. யாருக்காவது கடிதம் வந்தாலும், வைத்தியரிடம் போவதென்றாலும், காம்ப் பொறுப்பாளரான அம்மாள் யாரையாவது கூப்பிட்டாலும் என்னைத்தான் தேடுவார்கள். "பாஷைக்காரி" என்று எனக்குப் பெயர். மீசை வைத்த ஆம்பிளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் தூண்டிலை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. படகுத்துறையில் ஒரு நாள், நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் தொங்கிய ஒரு கயிற்று நுனியை மீனொன்று பாய்ந்து கவ்வியதைக் கண்டேன். இந்த ஊரார் ஹெக்ட் என்று சொல்லும் மீன் அது. நீண்ட தட்டை மூஞ்சி, வாய்க்குள் ஊசி ஊசியாகப் பல். "எங்கட முரல் மீனுக்குத் தமையன் போல கிடக்கு" என்று அம்மா சொல்வார். கவ்விய மீனால் விட முடியவில்லை. நைலோன் இழைகள் பல்லுக்குப் பல் சிக்கிக்கொண்டன. உதற உதற இன்னும் இறுகின. அது களைத்து மல்லாக்கப் புரளும்வரை நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மீனுக்குத் தூண்டில் முள்ளே தேவையில்லை, அதன் பல்லே போதும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

துறைக்குப் பின்னால் கழிவுக் குவியலில் நீலக் கயிறு வேண்டியமட்டும் கிடந்தது. ஒரு சாண் வெட்டி, முறுக்கைப் பிரித்து, அம்மாவின் பேன் சீப்பால் தலைமயிர்போல மிருதுவாகும்வரை வாருவேன். மறு நுனியை உருக்கி உருட்டி, பாரத்துக்கு ஓர் இரும்பு நட்டும், மினுங்குவதற்கு யோகர்ட் மூடியிலிருந்து வெட்டிய வெள்ளித்தாளும் சேர்த்து, "தங்கூசி" என்கிற மெல்லிய நைலோன் நூலில் முடிந்துவிட்டால் வேலை முடிந்தது. நாணல் ஓரமாக வீசி மெல்ல இழுக்க வேண்டும். மீன் கவ்வினால் உடனே சுண்டக் கூடாது. பத்துவரை எண்ணி, அது நன்றாக மென்று தன்னைத் தானே கட்டிக்கொள்ள விடவேண்டும்.

பெரிய மீன்களைக் கல்லால் அடித்து எடுத்துக்கொள்வோம். சின்னவற்றின் வாயைத் தடியால் நெம்பி இழைகளைப் பிடுங்குவேன். பொறுமை போய்விட்டால் கயிற்றை அறுத்து அப்படியே தண்ணீருக்குள் காலால் தள்ளிவிடுவேன். 

"அக்கா, அதுக்கு இனி வாய் திறக்கேலாது" என்று வசந்தி அழுவாள். 

"தன்ர பாட்டுக்குக் கழண்டிடும்" என்பேன். 

கழலாது என்று எனக்குத் தெரியும். வாயில் நீல மயிர்க் கற்றையோடு, தலை மட்டும் பெரிதாக, உடம்பு வற்றிக் கயிறாகி ஒரு மீன் கரையொதுங்கிக் கிடந்ததை நான் தடியால் புரட்டிப் பார்த்திருக்கிறேன். முடிச்சு அவிழாமல் இருந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் சொல்லிவிடுவேன் என்று வசந்தி ஒருமுறை சொன்னபோது, "சொன்னியெண்டா உன்ர தலைமயிரை வெட்டித் தூண்டில் செய்வன்" என்றேன். அதன்பிறகு பல நாள் அவள் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தாள்.

பெரிய மீன்கள் யோகன் அண்ணைக்குப் போகும். அவர் மேல்மாடியில் இருந்தவர், இருபத்துமூன்று வயது. சேற்று மணம் என்று அம்மா ஏரி மீனைச் சட்டியில் வைக்கமாட்டார். யோகன் அண்ணை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்து, முள்ளில்லாத வயிற்றுத் துண்டுகளை எங்கள் இருவருக்கும் தருவார். அவருடைய சூட்கேஸ் பூட்டு உடைந்துபோனபோது அதைக் கட்ட நீலக் கயிற்றில் நாலு முழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாவின் ஹோட்டலில் அவருக்கு வேலை சொல்லிவைத்திருந்தது. வேலைக்கான கடிதம் வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த ஏரியில் ஓர் அன்னச் சோடி ஐந்து குஞ்சுகளோடு திரிந்தது. எங்கள் வகுப்பில் அவற்றுக்குப் பெயர் வைத்து, திங்கட்கிழமை தோறும் போய் எண்ணுவோம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமையில் ஒரு குஞ்சின் அலகில் நீல இழை சுற்றியிருந்தது. நாணலில் சிக்கியதால் நான் அறுத்துவிட்டு வந்த தூண்டில் அது. வெள்ளித்தாள்கூட அப்படியே இருந்தது. படகில் போய்ப் பிடிக்கப் பார்த்தார்கள். தாய் சீறியது, குஞ்சு விலகி ஓடியது. ஒன்பது நாள் அது சாப்பிடாமல் மற்றக் குஞ்சுகளுக்குப் பின்னால் நீந்தியது. ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் அதைப் பார்த்தேன். பத்தாம் நாள், படகுத்துறைப் பொறுப்பாளரான கிழவர் அதை அப்பிள் பெட்டியொன்றில் கிடத்திக் கொண்டுவந்து காம்ப் முற்றத்தில் வைத்தார்.

அதற்கிடையில் ஊரில் கதை கட்டியாயிற்று. தமிழர்கள் கயிறு கட்டி அன்னம் பிடித்துத் தின்கிறார்கள் என்று பாண் கடையில் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

காம்ப் பொறுப்பாளர் அறை அறையாகத் தேடியதில் அந்தக் கயிறு ஓர் இடத்தில்தான் இருந்தது, யோகன் அண்ணையின் சூட்கேஸில். என்னுடையதை நான் துறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டறையில் எல்லோரையும் கூட்டினார்கள். படகுத்துறைக் கிழவரும் வந்திருந்தார். மேசைமேல் அந்தக் கயிறு, பக்கத்தில் குஞ்சின் அலகிலிருந்து வெட்டியெடுத்த என் தூண்டில். ஒரு பிழை என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா எங்களுக்குச் சொல்லாத நாளில்லை. அன்றைக்கு அவர் வேலைக்குப் போயிருந்தார். அம்மா கதவடியில் வசந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேள்" என்றார் காம்ப் பொறுப்பாளர் அம்மாள் என்னிடம்.

கேட்டேன். யோகன் அண்ணை சிரித்தார்.

"என்ன பிள்ளை, நீதானே தந்தனி. பெட்டி கட்டத் தந்ததெண்டு சொல்லு. சின்னப்பிள்ளையள் விளையாட்டுக்குச் செய்த தூண்டில், தெரியாமல் நடந்திட்டுதெண்டும் சொல்லு. பிள்ளையளை ஒண்டும் செய்யமாட்டினம்."

நான் பொறுப்பாளரின் பக்கம் திரும்பினேன். "அவர் துறையிலிருந்து எடுத்தாராம். மீன் பிடிக்கத்தான் செய்தாராம். இனிமேல் செய்யமாட்டாராம்" என்று சுத்தமான ஜெர்மனில் சொன்னேன்.

கிழவர் தலையை ஆட்டினார். பொறுப்பாளர் எழுதிக்கொண்டார். கிழமைக்கு இரண்டு நாள் நடந்த பாஷை வகுப்பில் யோகன் அண்ணை அப்போதுதான் முதல் பாடங்களை முடித்திருந்தார். மூன்று வசனத்திலும் நான் "அவர்" என்றதையும், ஒரு தரமும் "நான்" என்று சொல்லாததையும் அவர் பிடித்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சிரிப்பு மெல்லப் போய்விட்டது. தனக்குத் தெரிந்த சொற்களைத் தேடி, "நான் இல்லை... நான் இல்லை" என்று ஜெர்மனில் இரண்டு தரம் சொன்னார்.

"என்ன சொல்ல வருகிறார்?" என்று பொறுப்பாளர் என்னைக் கேட்டார்.

"அன்னத்தைக் கொல்ல நினைக்கவில்லையாம்" என்றேன்.

மற்ற இளைஞர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கள் அகதி மனுவுக்கு வரவேண்டிய கடிதத்தை நினைத்திருப்பார்கள். வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தி, "அவன் சொன்னதைச் சரியாத்தானே சொன்னனி?" என்று கேட்டார். 

"ஓம்" என்றேன். 

என் வெந்த விரல்களை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு பிடியை விட்டுவிட்டு வசந்தியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அப்பாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை யோகன் அண்ணையை மலைமேல் வேறொரு காம்புக்கு மாற்றினார்கள். தமிழ் ஆட்கள் ஒருவரும் இல்லாத இடம். ஹோட்டல் வேலையும் அதோடு போயிற்று. கயிற்றைத் திருப்பிக் கொடுக்காததால், அவர் தன் இடுப்புப் பட்டியால் சூட்கேஸைக் கட்டி, ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நின்றார். அம்மா என் கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சலைத் தந்து கொடுத்துவிட்டு வரச் சொன்னார். யோகன் அண்ணை அதை வாங்கவில்லை.

"உனக்கு நல்லாப் பாஷை வந்திட்டுது," என்றார். "இனி உனக்கொரு குறையுமில்லை."

அதன்பிறகு நான் திருந்தினேன் என்று எழுதத்தான் ஆசை. அந்தக் கிழமையே புதுத் தூண்டில் செய்தேன். நீலம் கண்ணில் படும் என்று இந்த முறை பச்சைக் கயிறு. ஐப்பசிக் குளிரில் விரல் விறைத்துப் போகும்வரை பிடித்தேன். சமைத்துத் தர ஆளில்லாததால் பெரிய மீன்களையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது காம்ப் இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த அடுக்குமாடி வீடுகள். படகுத்துறைக் கிழவர் செத்துக் கனகாலம். யோகன் அண்ணைக்கு அகதி மனு மறுக்கப்பட்டது என்று அப்பா ஒருமுறை சொன்னார். கனடாவுக்குப் போனார் என்றவர்களும் உண்டு, கொழும்பில் இறங்கினதோடு காணவில்லை என்றவர்களும் உண்டு. நான் தேடிப் பார்க்கவில்லை.

போன வருடம் பேர்ண் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், அந்தக் காலத்தில் மேல்மாடியில் இருந்த ஒருவர் எங்கள் மேசையில் இருந்து, இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய பகிடிகள் சொல்லிக்கொண்டிருந்தார். 

"எங்கட காம்பில அன்னம் திண்ட பெடியன் ஒருத்தன் இருந்தவன். பேர் மறந்துபோச்சு. அவனாலதான் எங்கள் எல்லாருக்கும் கெட்ட பேர்." 

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பேர் யோகன்," என்றேன். "அவர் திண்ணேல்லை. அது நான் செய்த தூண்டில். அண்டைக்கு நான் மாத்திச் சொன்னனான்."

"சும்மா பகிடி விடாதேங்கோ தங்கச்சி," என்றார் அவர், இன்னும் சிரித்தபடி. "நான் அங்கதானே நிண்டனான்."

பக்கத்தில் இருந்த அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"சாப்பிடு," என்றார். "ஆறுது."