மாடி வீட்டு ராப் பாடகர்

திருக்கோகர்ணத்தில் எங்கள் மாடியில் ஒரு ராப் பாடகர் குடியிருந்தார். வெயில் கொளுத்தினாலும் தொப்பி வைத்த கறுப்புச் சட்டைதான். பாட்டும் இசையும் அவரே, கேட்கத்தான் ஆளில்லை. பாடிப் பதிவுசெய்வதற்கு முன் இறங்கி வந்து, "அக்கா, மிக்சிய செத்த நிறுத்துங்க" என்பார். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவேன்.

என் கணவர் இறந்த மறுமாதம் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"போன வருசம் பாடுன பாட்டுல, கீழ மாமா இருமுனது விழுந்திருக்குக்கா. நாளைக்கு ரிலீஸ் பண்ணப் போறேன். அழிச்சிரவா?"

"இருக்கட்டும் தம்பி."

பிறகு அவர் சென்னைக்குப் போய்விட்டார். பெயர் வாங்கினாரா, தெரியாது. அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சமைக்கும்போது செல்லில் ஓடவிடுகிறேன். இருமல் வருவதற்குச் சற்று முன்பே என் கை மிக்சியை நிறுத்திவிடுகிறது.