டைட்டானியத்தில் ஒரு வெடிப்பு

வெளிநாடு போன நண்பன் தன் பழைய டைட்டானியம் சைக்கிளை என்னிடம் விட்டுப் போயிருந்தான். கிளியனூர் பக்கம் அதை ஓட்டிப் போய் விழுந்தேன். ஃப்ரேம் முழுக்கச் சிராய்ப்பு. மறுநாள் அவன் வருகிறான் என்று தெரிந்ததும் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஃப்ரேமை மட்டும் திண்டிவனத்தில் ஒரு எவர்சில்வர் பாலிஷ் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே வேலை செய்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, புருவமெல்லாம் உலோகத் தூசு. நாலு முறை தேய்த்தால் ஒரு முறை கண்ணை மூடி, விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் அவர் ஒரே திசையில் தேய்க்கத் தேய்க்க, சாம்பல் பளபளப்பு திரும்பி வந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

இரண்டு குழாய்களைப் பற்றவைத்த இடத்தருகே அவர் விரல் நின்றது.

"இது கீறல் இல்ல சார், வெடிப்பு. எவ்ளோ தேய்ச்சாலும் போவாது."

"வெளிய தெரியாம மறைச்சிட முடியுமாக்கா?"

"முடியும். நீங்களா ஓட்டிக்கினு போறது?"

"இல்ல, ஃப்ரெண்டு."

அவர் மார்க்கரை எடுத்து வெடிப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் போட்டு, ஃப்ரேமை என்னிடம் நீட்டினார்.

விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் அந்த வட்டத்தை எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தேன். அழியவில்லை. மறுநாள் நண்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் திட்டினான், ஆனால் சைக்கிளில் ஏறவில்லை. அந்த அம்மா வட்டம் போடாமல் விட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.